துத்தம் தின்ற நம்பர்

விருதுநகர் ஸ்டேஷனில் நான் இறங்கியபோது கையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் துணிமணி. மற்றதில் ஸ்பானர், சுத்தியல், உளி வகையறா. கூலி ஆள் இரண்டாவது பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"என்ன அண்ணாச்சி, கல்லுக் கொண்டாந்திருக்கீகளா?" என்று கேட்டார்.

நானே தூக்கிக்கொண்டேன். என் கருவிகளை இன்னொருவர் தூக்குவது எனக்கு எப்போதுமே பிடிக்காது.

மலாயா சுதந்திரம் வாங்கிய மறு வருஷம் அது. பினாங்கில் நான் சொந்தமாக மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தேன். தீவில் என்னைவிட நல்ல மெக்கானிக் இருப்பதாக யாராவது சொன்னால் உடனே முகவரி கேட்பேன். இதுவரை ஒருவரும் கொடுத்ததில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் திண்டுக்கல்லிலிருந்து நான் கப்பலேறியது என் அண்ணன் ராமசாமியால். பட்டாளம் கழித்துப் போட்ட இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் ஒன்றை அவர் வைத்திருந்தார். ஒற்றை சிலிண்டர், ஆள் உயரத்துக்குச் சத்தம். அதை விற்றுத்தான் எனக்கு டிக்கெட் வாங்கினார். அதன் இன்ஜினைத் துடைத்துத் துடைத்துத்தான் நான் தொழில் கற்றேன். இன்ஜின் நம்பரின் கடைசி மூன்று எண்கள் 746. என் மகள் பிறந்த தேதியை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன். மகளிடம் இதைச் சொல்வதில்லை.

நான் போன பிறகு அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பஞ்சாலையில் இன்ஜின் டிரைவராகச் சேர்ந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார். மதினியை நான் பார்த்ததில்லை. கடிதத்தின் கடைசி வரியில் 'மதினி விசாரித்தாள்' என்று மட்டும் வருவார். அந்த வருஷம் வந்த கடிதத்தில் புதிதாக ஒரு செய்தி இருந்தது. 'சிவகாசிக்குத் தெற்கே தாயில்பட்டியில் ஒரு பட்டாசு முதலாளியிடம் நம் வண்டி சும்மா கிடப்பதாகக் கேள்வி. நீ வந்து பார்த்தால் தேவலை.'

அடுத்த கப்பலில் ஏறிவிட்டேன். வரும் தேதியை அண்ணனுக்கு எழுதவில்லை. வண்டியை வாங்கி, உயிர் கொடுத்து, அதில் ஏறி அவர் வாசலில் போய் இறங்குவதுதான் என் திட்டம். திரும்பும் கப்பலுக்குப் பதினேழு நாள் இருந்தது. எனக்குப் பத்து நாளே அதிகம் என்று நினைத்தேன்.

முதல் நாள் விருதுநகரில் தங்கினேன். எண்ணெயில் முழுக்காட்டி எடுத்த பரோட்டாவை ஒரு கடையில் சாப்பிட்டேன். பினாங்கில் ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை வீசுகிற வீச்சைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். இங்கே வீச்சு குறைவு, சால்னா அதிகம். மூன்று சாப்பிட்டேன். காப்பி மட்டும் எனக்கு இறங்கவில்லை. பினாங்குக் கோப்பி கறுப்பாக, கெட்டியாக இருக்கும். இங்கே பால் கேட்காமலே வந்து விழுகிறது.

இரண்டாம் நாள் சிவகாசி பஸ். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் மண், கருவேல மரம், வெயில். பினாங்கில் வண்டி நின்றால் ஐந்து நிமிஷத்தில் மழை வந்து ரேடியேட்டரை நிரப்பிவிடும். இங்கே கண்டக்டர் ஒவ்வொருவரிடமாகத் தண்ணீர் கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு குடம் தண்ணீரோடு ஏறியிருந்த அம்மாள் குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"சிவகாசியில எறங்கினதும் ரொப்பித் தருவீகளா?"

"தருவோம்."

"டிரைவர் சொல்லட்டும்."

டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட்டுச் சத்தியம் செய்த பிறகுதான் குடம் கை மாறியது. சிவகாசியில் இறங்கியதும் பயணிகள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. குடம் நிரம்பியதைப் பார்த்துவிட்டுத்தான் கலைந்தார்கள். நானும் நின்று பார்த்தேன்.

தாயில்பட்டிக் கம்பெனி வாசலில் என் சட்டைப்பையையும் வேட்டி மடியையும் தடவிப் பார்த்தார்கள். பீடி, தீப்பெட்டி உள்ளே போகக் கூடாது. செருப்பையும் கழற்றச் சொன்னார்கள். பெட்டியைத் துணிமணி என்று நினைத்து விட்டுவிட்டார்கள். முதலாளி குருசாமி என்பவர், ஐம்பது வயதிருக்கும், என்னைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"வாங்க, உக்காருங்க. இந்தக் கழுதைக்காகவா பினாங்குல இருந்து வந்திருக்கீக?"

மதுரையில் ஒரு தரகரிடம் அதை வாங்கினாராம். திண்டுக்கல் பக்கத்து வண்டி என்று தரகர் சொன்னாராம். முதலாளி ஒரு மாதம்தான் ஓட்டியிருக்கிறார். அவருடைய அப்பா, "மருந்து இருக்கிற எடத்துல நெருப்புக் கக்குற வண்டியா?" என்று ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார். ஆறு வருஷமாகக் காகித குடோனில் கிடக்கிறது. நம்பர் போர்டு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வண்டியின் பதிவுப் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது.

"ஆனா பத்திரமா வச்சிருக்கோம். பேச்சி, அண்ணாச்சிக்குக் காட்டு" என்றார்.

பேச்சியம்மா லேபிள் ஒட்டுகிற பெண்களுக்கு மேஸ்திரி. நாற்பது வயது, கையில் எப்போதும் பசை. குடோனுக்குள் போனதும் நான் கண்டது மோட்டார் சைக்கிளே அல்ல. மோட்டார் சைக்கிள் அளவுக்கு ஒரு பட்டாசு! அச்சகத்தில் கழிந்த லேபிள் காகிதங்களை ஏழெட்டு அடுக்காகப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஹாண்டில்பாரில் கிளி, டாங்கியில் புலி, சைலன்சர் நெடுகத் தாமரையில் லட்சுமி.

"பத்திரமா வைக்கணும்னு மொதலாளி சொன்னாக. எங்களுக்குத் தெரிஞ்ச பத்திரம் இதான்" என்றார் பேச்சியம்மா.

நான் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தேன். ஸ்பானர் ஒன்று கை நழுவிக் கல் தரையில் விழுந்தது. 'டங்' என்று ஒரு சத்தம். பக்கத்துக் கொட்டகையில் ஐம்பது பேர் கைகள் அப்படியே நின்றன. யாரும் கத்தவில்லை, யாரும் ஓடவில்லை. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, அத மெதுவா எடுத்துக்கிட்டு வெளிய போங்க. இங்கன இரும்பு கூடாது, பொறி பறக்கும்" என்றார் பேச்சியம்மா, தூங்குகிற குழந்தையை எழுப்பாத குரலில்.

தீவின் முதல்தர மெக்கானிக்காகிய நான் வெறுங்காலோடு, கருவிப் பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு வெளியே நடந்தேன். ஆறு ஆட்கள் அந்தப் பெரிய பட்டாசைத் தூக்கி வந்து, வேலிக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் வைத்தார்கள். அடுத்த பதினோரு நாள் அந்த மரம்தான் என் பட்டறை.

மூன்றாம் நாள் காகிதத்தை நனைத்து உரித்தோம். உரிக்க உரிக்க எனக்குத் திகைப்பு. இரும்பு தெரிய வேண்டிய இடங்களில் செம்பு பளபளத்தது. பட்டாள வண்டிக்குச் செம்பு முலாம் எவன் பூசினான்? இன்ஜின் அடிப்பெட்டிக்கு வந்ததும்தான் புரிந்தது. அலுமினியம் அம்மை போட்ட முகமாகக் குழி குழியாக இருந்தது. நம்பர் அடித்திருக்க வேண்டிய இடத்தில் ஒரே பள்ளம். ஏழும் இல்லை, நாலும் இல்லை, ஆறும் இல்லை.

"பசையில என்ன போட்டீங்க?" என்று கேட்டேன்.

"கெளங்கு மாவு. அப்புறம் மயில்துத்தம். துத்தம் போடலேன்னா எலியும் பூச்சியும் பசையைத் தின்னுரும்ல? எல்லா வெடிக்கும் போடுறதுதான். வண்டிக்கு ரெண்டு பங்கு போடச் சொன்னேன்."

நீலத் துத்தம் ஈரத்தில் ஊறி இரும்பின் மேல் செம்பைப் படிய வைத்து, அலுமினியத்தை அரித்து, கடைசியில் என் அண்ணன் வண்டியின் அடையாளத்தையும் தின்றுவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உங்களுக்கெல்லாம் அறிவிருக்கிறதா, இது வெடியா வண்டியா என்று கத்தினேன். பேச்சியம்மா தலை குனியாமல் கேட்டுக்கொண்டார்.

"எலி தின்னாம இருக்கத்தான் போட்டது அண்ணாச்சி. துத்தம் நம்பரத் தின்னும்னு யாரு கண்டா?"

மத்தியானம் அவர் தூக்குச்சட்டியிலிருந்து கம்மங்கூழை ஊற்றி, மோர்மிளகாய் இரண்டை மேலே வைத்து என் பக்கம் நகர்த்தினார். வெட்கத்தோடு குடித்தேன். அந்தக் கூழுக்காகவே இன்னொரு முறை அங்கே போகலாம்.

அன்று முழுக்க ஒரே கேள்விதான் என்னைக் குடைந்தது. இது அண்ணனுடைய வண்டிதானா? இல்லையென்றால் இத்தனை தூரம் வந்தது எதற்கு? சாயங்காலத்துக்குள் பதில் கண்டுபிடித்துவிட்டேன். உதைக்கும் லீவர் லேசாக வெளிப்பக்கம் வளைந்திருந்தது. அண்ணன் உதைக்கிற உதைக்கு அப்படித்தான் வளையும். தரகன் வேறு திண்டுக்கல் என்றிருக்கிறான். உலகத்தில் பாதி வண்டிகளுக்கு அந்த லீவர் வளைந்திருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மெக்கானிக்குக்குத் தெரிவது வேறு, தம்பிக்குத் தெரிவது வேறு. முதலாளியிடம் விலை பேசி முடித்தேன்.

வேலையைப் பற்றி நான் கொஞ்சம் பெருமையாகவே சொல்ல வேண்டும். இறுகிப்போன பிஸ்டனை மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து நோகாமல் எடுத்தேன். டயர் மதுரையிலிருந்து பஸ் தலைமேல் வந்தது. சிவகாசி லாரிப் பட்டறையில் பிஸ்டன் வளையம் கிடைத்தது. காகிதம் சுற்றியதில் ஒரு நன்மையும் இருந்தது. பொறி தருகிற மேக்னட்டோவுக்குள் தூசி துளிகூடப் போகவில்லை. கார்புரேட்டரில் மட்டும் ஊசிப் பொத்தல்கள். அதற்கு என் பெட்டியில் மருந்தில்லை. பேச்சியம்மா ஒரு கொட்டாங்கச்சியில் அரக்கைக் கரைத்துக் கொண்டுவந்தார்.

"இத வச்சுப் பாருங்க. பெட்ரோல் இத ஒண்ணும் செய்யாது."

செய்யவில்லை. அட்டை வாஷர்களையும் அவரே வெட்டிக் கொடுத்தார். நான் அளவெடுத்து, கோடு போட்டு, வெட்டியது ஒழுகியது. அவர் கண்ணால் பார்த்து வெட்டியது ஒழுகவில்லை. இதைப் பினாங்கில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், வண்டியை அரை மைல் தள்ளிக்கொண்டு போய் வறண்ட கண்மாய்க்குள் இறக்கினோம். அதற்கு இந்தப் பக்கம் உதைக்கக் கூடாது என்று முதலாளி உத்தரவு. கம்பெனியே கரைமேல் வந்து நின்றது. நாற்பது உதைக்குப் பிறகு இன்ஜின் பிடித்தது. பிடித்த வேகத்தில் சைலன்சரில் 'டமார்' என்று ஒரு வெடி. கூட்டத்தில் ஒருவர்கூட அதிரவில்லை. சரக்கைத் தரம் பார்க்கிறவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உள்ள வெடிக்க வேண்டியது வெளிய வந்து வெடிக்குது அண்ணாச்சி. திரி நீளமா இருக்கு. கொஞ்சம் குட்டையா வைங்க" என்றார் பேச்சியம்மா.

வண்டியில் ஏது திரி என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டேன். நெருப்புப் பொறி தாமதமாக விழுகிறது என்பதைத்தான் அவர் தன் தொழில் பேச்சில் சொல்லியிருக்கிறார். டைமிங்கை ஒரு மயிரிழை முன்னால் தள்ளினேன். அடுத்த உதையில் வண்டி கிளம்பியது. கண்மாயைச் சுற்றி மூன்று வட்டம் அடித்தேன். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது, கத்தினேன்.

அன்றே சிவகாசி தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனேன். ஊர் எட்டு மைல் என்று கல் சொன்னது. அண்ணன் ஆலையிலிருந்து வீடு திரும்புகிற நேரம். ஆனால் டாங்கிக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை, இரும்பெல்லாம் சொறி பிடித்தாற்போல இருந்தது. இந்தக் கோலத்திலா போய் நிற்பது? திரும்பிவிட்டேன்.

பெயிண்டுக்கு நாலு நாள் போயிற்று. கறுப்பு எனாமல் மூன்று பூச்சு. லட்சுமி படம் வரைகிற அச்சக ஓவியர் ஒருவர் டாங்கியின் ஓரத்தில் தங்க நிறக் கோடு இழுத்துக் கொடுத்தார். பதிமூன்றாம் நாள் ஒரே ஒரு வேலை மிச்சம். இன்ஜினில் குழி விழுந்த இடத்தை அரத்தால் தேய்த்துச் சமமாக்கினேன். பெட்டியிலிருந்து நம்பர் உளிகளை எடுத்தேன். பேச்சியம்மா கூழ்ச்சட்டியோடு வந்து நின்றார்.

"அது என்ன?"

"பழைய நம்பரைத் திரும்ப வைக்கிறேன்."

"இந்த வண்டிதான்னு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"லேபிள மாத்தி ஒட்டுனா எங்கள வைவாக அண்ணாச்சி" என்றார். பிறகு கூழை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அடித்தேன். கடைசியில் ஏழு, நாலு, ஆறு. கோணாமல், ஒரே ஆழத்தில், தொழிற்சாலையில் அடித்தது போலவே விழுந்தது. என் கை அப்படி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி அனுப்பிவைத்தார்கள். பழம் வைத்தது பேச்சியம்மாதான். முதலாளி ஒரு பெட்டி மத்தாப்புக் கொடுத்தார். காலை எட்டு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நுழைந்தேன். விலாசம் விசாரித்து, தெருமுனையிலிருந்தே ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டு போனேன். அண்ணன் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்துவிட்டது. நான் வண்டியை நிறுத்தும் வரை அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியாலே" என்றார். அவர் பேச்சே இந்த ஊர்ப் பேச்சாக மாறியிருந்தது.

"அண்ணே, நம்ம வண்டி" என்றேன்.

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்ஜின் அருகில் குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் நம்பரைத் தடவினார். தடவினவர் விரலை எடுக்கவில்லை.

"நல்லா அடிச்சிருக்கு. யாரு அடிச்சது?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நான்தான்."

"நம்ம எழுநூத்தி நாப்பத்தாறு, நீ கப்பலேறின மறுவருஷமே போச்சுலே. மதுரையில பழைய இரும்புக் கடையில ரெண்டா ஒடச்சுப் போட்டிருந்தான். நானே போயி என் கண்ணால பாத்துட்டு வந்தேன்."

"அப்போ எதுக்கு அப்படி எழுதினீங்க?"

அண்ணன் எழுந்து கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வாலே வாலேன்னு எட்டுக் கடுதாசி எழுதினேன். பட்டறையில வேலைன்னு எட்டுக்கும் பதில் போட்ட. வண்டின்னு ஒரு வரி எழுதினேன். கப்பலேறிட்ட."

உள்ளேயிருந்து ஓர் அம்மாள் செம்பில் தண்ணீரோடு வந்தார். இவர்தான் மதினி என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. செம்பை என்னிடம் நீட்டியபடி அண்ணன் சொல்லாமல் விட்டதை அவர் சொன்னார்.

"நீங்க தாயில்பட்டிக்கு வந்ததே எங்களுக்குத் தெரியும் தம்பி. பினாங்குக்காரர் ஒருத்தர் மரத்தடியில பட்டாள வண்டியப் பிரிச்சுப் போட்டிருக்காருன்னு மூணாம் நாளே பஸ்ஸுல வந்தவுக சொல்லிட்டாக. போயிக் கூட்டிட்டு வாங்கன்னேன். பொய் சொல்லி வரவச்சுட்டு எந்த மூஞ்சியோட போறதுன்னு உக்காந்துட்டாக. தெனமும் உங்களுக்கும் சேத்துத்தான் ஒலை வச்சேன்."

அந்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று அழுதேன். வெட்கமாக இல்லை. பத்து வருஷமாகப் பார்க்காத அண்ணன் ஒரு பஸ் தூரத்தில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்திருக்கிறார். நானோ எவனுடைய வண்டிக்கோ மூன்று பூச்சு எனாமல் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கப்பலுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் காலை நடந்தே தந்தி ஆபீசுக்குப் போனேன். பினாங்கில் என் மனைவிக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். 'வண்டி பழுது. இந்தக் கப்பலில் வர முடியாது. அடுத்ததும் சந்தேகம்.'

குமாஸ்தா பென்சிலால் வார்த்தைகளை எண்ணினார். பிறகு என்னை இரக்கத்தோடு பார்த்து, "அப்படி என்ன பழுது சார்?" என்று கேட்டார்.

நான் ஜன்னல் வழியே பார்த்தேன். அண்ணன் வண்டியில் மதினியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தேரடியை இரண்டாவது சுற்றுச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.